பூவைக் கண்டு நடுங்கியவளை மாரியம்மா மீட்டாள்

மாரியம்மாவை நம்பி வாழும் அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே, இதை உங்கள் முன்னால் சொல்ல எனக்கு இத்தனை நாள் தைரியம் வரவில்லை. நோய் தீர்ந்தது, குழந்தை பிறந்தது, விபத்தில் தப்பித்தோம் என்று மற்றவர்கள் சொல்லும்போது நானும் இந்தக் கோயில் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். என் கஷ்டத்துக்கு அப்படி ஊருக்குத் தெரிந்த பேர் எதுவும் இல்லை. ரத்தம் வரவில்லை, காய்ச்சல் அடிக்கவில்லை. ஆனால் ஒரு ஆவணி மாதத்துப் பகலில், செத்துப் போனால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிற இடம் வரைக்கும் நான் போனேன். அங்கிருந்து அவள் என்னைத் திருப்பிக் கூட்டி வந்தாள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் பெயர் மஞ்சுளா. மாரிகுப்பத்தில், அந்தக் காலத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் சேகர் பெங்களூரில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். விடியற்காலை டிரெயினில் போனால் இருட்டின பிறகுதான் வருவார். நானும் என் நாத்தனார் வசந்தியும் சேர்ந்து கல்யாண மேடை அலங்காரம் செய்கிறோம். ரிசப்ஷன், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, எல்லாவற்றுக்கும் போவோம். கல்யாண வீட்டாரோடு பேசுவது, ஆட்களை ஏற்பாடு செய்வது, வண்டி பிடிப்பது, பூ வாங்குவது எல்லாம் வசந்தி. மேடை எப்படி இருக்க வேண்டும் என்று யோசிப்பது நான்.

யோசிப்பது என்று சொல்கிறேனே தவிர, நான் உட்கார்ந்து யோசித்ததே கிடையாது. காலி மேடையைப் பார்த்தால் போதும், எந்தப் பூ எங்கே, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று முழு மேடையும் கண்ணுக்குள் வந்து நின்றுவிடும். அதைப் பார்த்துப் பார்த்துக் கையால் செய்வேன். ஆடி மாதம் நம் அம்மனுக்குப் பூ அலங்காரம் செய்து பழகிய கை இது. அவள் கொடுத்த வரம் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.

வசந்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் புருஷனோடு ஒத்துவராமல் பிரிந்து, மகளோடு எங்கள் தெருவிலேயே தனியாக இருக்கிறாள். இந்த வேலையை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. எனக்குள் ஏதோ சரியில்லை என்று தெரிந்த பிறகும் நான் பல மாதம் வாயைத் திறக்காததற்கு அதுதான் காரணம். நான் நின்றால் அவளும் நிற்க வேண்டும். அந்தப் பயம்.

அது ஒரு தை மாதத்தில் ஆரம்பித்தது. முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். ஒரு நாள் மண்டபத்தில் போய் நின்று மேடையைப் பார்த்தேன். காலி மேடை காலியாகவே இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். பலகை தெரிந்தது, சுவர் தெரிந்தது, சுவரில் இருந்த ஆணி தெரிந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. அலுப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனில் ஒரு படத்தைத் தேடி, அதைப் பார்த்து அப்படியே செய்துவிட்டு வந்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

மாசி போனது, பங்குனி போனது. மேடை வரவே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் போனை நீட்டுவார்கள். இதே மாதிரி வேண்டும், ஆனால் வேறு யாரும் செய்த மாதிரி இருக்கக் கூடாது என்பார்கள். முன்பெல்லாம் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வருவேன். இப்போது அவர்கள் போனை எடுக்கும்போதே நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. ஒரு கல்யாணத்தில் பெண்ணே என்னிடம் வந்து, போன வாரம் அவளுடைய தோழி கல்யாணத்திலும் இதே மேடைதான் இருந்தது என்று மெதுவாகச் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் ஏதோ சமாளித்துவிட்டு சாமான் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதன் பிறகு உடம்பிலும் ஆரம்பித்தது. தூக்கம் போனது. சாப்பாடு மண் மாதிரி இருந்தது. ஒன்றுமில்லாத விஷயத்துக்கு எரிந்து விழுந்தேன். வசந்தி பேர் போனில் தெரிந்தாலே உள்ளங்கை வியர்த்தது. புது புக்கிங்காக இருக்குமோ என்று. எல்லாவற்றையும் விடக் கொடுமை, பூவாசனை பிடிக்காமல் போனது. கூடை வந்து இறங்கியதும் குமட்டும். பூவைத் தொட்டால் விரல் நடுங்கும். பூவை வைத்துப் பிழைக்கிறவள் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

என் வீட்டு அம்மன் படத்துக்கு நான் தொடுத்த பூ இல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமைகூடப் போனதில்லை. அந்தச் சித்திரையில் கடையில் ஒரு பிளாஸ்டிக் மாலை வாங்கிப் போட்டேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். பூ கிடைக்கவில்லையா என்று கேட்டார். சீக்கிரம் வாடிவிடுகிறது, அதனால்தான் என்று சொன்னேன். அவர், "உனக்கு மட்டும் லீவே இல்லாத ஷிப்ட் ஆயிடுச்சு மஞ்சு" என்றார். நான் ஏதோ வேலை இருப்பது போல எழுந்து போய்விட்டேன்.

சும்மா இருக்கவும் இல்லை. நெஞ்சு படபடக்கிறது என்று டாக்டரிடம் போனேன். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது, டென்ஷன்தான், ஓய்வு எடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சீசனில் எப்படி ஓய்வு எடுப்பது? பக்கத்து வீட்டில் திருஷ்டி என்றார்கள். எலுமிச்சம்பழம், மிளகாய், உப்பு, பூசணிக்காய் எல்லாம் சுற்றிப் போட்டோம். கோயிலுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எப்படிப் போனேன் என்று இன்று நினைத்தால் அழுகை வருகிறது. செருப்பை வாசலில் உதறிவிட்டு ஓடுவேன். அம்மா, இன்றைக்கு ஒரு ஐடியா கொடு, இந்த ஒரு மேடையை மட்டும் ஒப்பேற்றி விடு என்று கேட்பேன். குங்குமத்தை வாங்கிக்கொண்டு திரும்ப ஓடுவேன். வண்டிக்குப் பெட்ரோல் போடுகிற மாதிரி. அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்த ஞாபகமே இல்லை.

அப்புறம் ஆவணி வந்தது. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு ராபர்ட்சன்பேட்டை மண்டபத்தில் ரிசப்ஷன். ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பெண் பெங்களூரில் வேலை பார்க்கிறவள். நம் கோயிலில் நான் செய்த அலங்காரத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாளாம். போனில் படம் எதையும் காட்டவில்லை. "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்க்கா. உங்களுக்கு எது தோணுதோ அத பண்ணுங்க" என்றாள். வேறு காலமாக இருந்தால் இதைவிட நல்ல வார்த்தை எனக்கு உலகத்தில் இல்லை. அன்றைக்கு அதைக் கேட்டதும் காலுக்குக் கீழே தரை போனது மாதிரி இருந்தது. பார்த்துச் செய்வதற்கு ஒரு படம்கூட இல்லை.

ஞாயிறு காலை மண்டபத்துக்குப் போனோம். பூ வந்து இறங்கியது. ரோஜா, வெள்ளைச் சாமந்தி, ஜெர்பரா எல்லாம் கூடை கூடையாக. சோபாவும் விளக்கும் ஏற்றி வர வசந்தி வண்டியோடு பங்காரப்பேட்டைக்குப் போய்விட்டாள். ஏணிமேல் இரண்டு ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். "அக்கா, இன்னா பண்ணணும் சொல்லுங்க" என்று ஒருவர் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். எனக்கு மேடை வரவில்லை. வாய் உலர்ந்துவிட்டது. பூவாசனை மூக்கில் ஏறி வயிற்றைப் புரட்டியது. காது அடைத்துக்கொண்டது. கை இரண்டும் என் கை மாதிரியே இல்லை. இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பையைக்கூட எடுக்காமல், போனை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டேன்.

எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு என்றுதான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. வழியில் ஒரு லாரி எங்களை உரசிக்கொண்டு போனது. ஆட்டோக்காரர் திட்டினார். என் மனதில் என்ன வந்தது தெரியுமா? இந்த ஆட்டோ கவிழ்ந்திருந்தால் நான் திரும்பிப் போக வேண்டியதில்லையே என்று. அந்த நினைப்பு வந்த பிறகுதான் நான் நிஜமாகவே பயந்தேன். அதுவரைக்கும் மேடையைப் பற்றிப் பயம். இப்போது என்னைப் பற்றியே பயம். வீட்டில் யாரும் இல்லை, தனியாகப் போகக் கூடாது என்று தோன்றியது. ஆட்டோவைக் கோயிலுக்கு விடச் சொன்னேன். காசை வீட்டில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அவர் தெரிந்தவர், தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

கோயில் பூட்டியிருந்தது. மத்தியான நேரம், பூசாரி நடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். திரை போட்டிருந்தது. முகம் தெரியவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் முதல் தடவையாக அவளிடம் நான் மேடைக்கென்று எதையும் கேட்காமல் பேசினேன். "அம்மா, என்னால முடியல. இந்தக் கை வேணும்னா எடுத்துக்கோ. என்னை இங்கேருந்து எங்கயும் அனுப்பாத" என்றேன். அவ்வளவுதான். வேறு வார்த்தை இல்லை. நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா. கையில் எண்ணெய்த் தூக்கு. "ஏனாயித்தம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சும்மா?" என்று தமிழிலும் கேட்டார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார்.

அவர் பேர் நாகரத்னம்மா. பங்காரப்பேட்டைக்காரர். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில், மனசு சரியில்லாமல் வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசி ஆலோசனை சொல்வதுதான் அவர் வேலை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அவர் அங்கே வந்திருக்கவே கூடாது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதாக வேண்டுதல், எப்போதும் வெள்ளிக்கிழமை மாலைதான் வருவாராம். ஆவணி ஞாயிறு என்பதால் கோயில் பகல் முழுக்கத் திறந்திருக்கும் என்று யாரோ தப்பாகச் சொல்ல, அதை நம்பி டிரெயின் ஏறி வந்திருக்கிறார். அந்தத் தப்பான தகவலைச் சொன்னது யார் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அவருக்கு ஞாபகமே வரவில்லை. எனக்குத் தெரியும்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். காலி மேடை, படம் பார்த்துச் செய்தது, பூவாசனை, தூக்கம். அவர் முழுவதும் கேட்டார். கடைசியில், செத்துப் போகணும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். ஆட்டோவில் வந்த நினைப்பைச் சொன்னேன். அவர் அதிர்ந்து போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது சோம்பேறித்தனம் இல்லம்மா, திருஷ்டியும் இல்ல. மனசுலேருந்து எடுத்து எடுத்துக் குடுத்துகினே இருந்தீங்க. திரும்ப ஊற விடவே இல்ல. வத்திப் போச்சு. பர்ன்அவுட்னு சொல்வாங்க. இதுக்கு வைத்தியம் கீது" என்றார்.

அந்த வார்த்தையைப் போனில் எங்கோ பார்த்திருக்கிறேன். பெரிய ஆபீஸில் இருக்கிறவர்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்திருப்பதற்கு ஒரு பேர் இருக்கிறது, வைத்தியம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னதுமே மூச்சு கொஞ்சம் இறங்கியது.

ஆனால் பயம் போகவில்லை. மண்டபத்தில் ஆட்கள் ஏணியில் நிற்கிறார்கள். வசந்தி திரும்பி வந்திருப்பாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை. பேசுங்கள், நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்றார் நாகரத்னம்மா. எடுத்தேன். என்னால் முடியவில்லை வசந்தி, மேடை வரவில்லை, கோயிலில் இருக்கிறேன் என்று சொன்னேன்.  கத்தப் போகிறாள், இதோ எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அங்கேயே இருங்க அண்ணி. மேடைய நான் பாத்துக்கறேன்" என்றாள். அப்புறம், "கொஞ்ச நாளாவே எனக்குத் தெரியும். கேக்க பயமா இருந்துச்சு" என்றாள்.

அந்த மேடையை அவளும் அந்த இரண்டு ஆட்களும் சேர்ந்து எப்படியோ முடித்தார்கள். சரம் சரமாகத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் ரோஜாவை அடுக்கிவைத்திருக்கிறார்கள். நன்றாக இல்லை என்று பெண்ணின் அப்பா எல்லோர் முன்னாலும் வசந்தியைப் பேசிவிட்டார். அவர் பேசியதில் நியாயம் உண்டு. அதை அவள் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள். அந்த வீட்டார் இன்று வரை எங்களோடு பேசுவதில்லை. மாரியம்மா எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டாள் என்று பொய் சொல்ல நான் இங்கே வரவில்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரர் வேலைக்கு லீவு போட்டு என்னை அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். வாராவாரம் நாகரத்னம்மாவோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். தை வரைக்கும் மேடை வேலை கூடாது என்று சொல்லிவிட்டார். மாத்திரை சாப்பிடுவது நம்பிக்கைக் குறைவு என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். என்னை அந்த டாக்டர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டுக்கு வந்து வசந்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினோம். தை வரைக்கும் என்று சொன்னதும் அவள் முகம் வெளுத்தது. அப்புறம் அவளும் மனசைத் திறந்தாள். ஒரு வருஷம் ஆட்கள் நம்மை மறந்துவிட்டால் அடுத்த வருஷம் யார் கூப்பிடுவார்கள் என்ற பயத்தில்தான் ஒரு புக்கிங்கைக்கூட விடாமல் வாங்கிப் போட்டாளாம். நான் அவளுக்குப் பயந்து வாய் மூடியிருந்தேன், அவள் நாளைக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தாள். ஒரே தெருவில் இருந்துகொண்டு இரண்டு பேரும் இப்படி. துணியில் ரெடியாகக் கிடைக்கும் மேடைத் திரைகளை வாடகைக்கு எடுத்துச் சின்னச் சின்ன விசேஷங்களை அவளே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். சொன்ன மாதிரியே செய்தாள்.

ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். முதல் மாதம் இன்னும் மோசமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாது. எல்லோரும் வேலைக்குப் போக, நான் மட்டும் வீட்டில். மஞ்சுளாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே இருந்தது. கையை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று நானே சொல்லிவிட்டேனே, அவள் எடுத்துக்கொண்டுவிட்டாளோ? இனிமேல் திரும்பியே வராதோ? காலையில் கண் விழித்ததும் முதலில் வருவது அந்த நினைப்புதான்.

வார லீவில் என் வீட்டுக்காரர் என்னைப் பேத்தமங்களா ஏரிக்குக் கூட்டிப் போவார். ஒரு சாயங்காலம் தண்ணீர் மேல் வெயில் விழுந்து செம்பு நிறமாக இருந்தது. இந்த நிறத்தில் ஒரு மேடை செய்தால் என்று மனசு தானாக ஓடியது. உடனே நெஞ்சு அடித்துக்கொண்டது, வியர்த்தது, வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்துவிட்டேன். அடுத்த வாரம் நாகரத்னம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"கண்ணுல பட்டதெல்லாம் வேலைக்கு எடுத்துக்கணும்னு எதுவும் இல்ல. சும்மா பாருங்க. ஏரி அங்கேயே இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எத்தனையோ வருஷமாக நான் எதையும் சும்மா பார்த்ததே இல்லை. புடவையைப் பார்த்தால் மேடை. வானத்தைப் பார்த்தால் மேடை. அம்மன் முகத்தைப் பார்த்தால்கூட இந்த மாலை மாதிரி ஒன்று செய்யலாமா என்று. எல்லாவற்றையும் பறித்துப் பறித்து, எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்காமல் இருந்திருக்கிறேன்.

அதிலிருந்து தினமும் கோயிலுக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். எதுவும் கேட்பதில்லை. அம்மா, வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்வேன். சில நாள் மனசு அடங்கும். பல நாள் அடங்காது. அடங்காவிட்டாலும் உட்கார்ந்திருப்பேன். அவள் முகத்தைப் பார்ப்பேன். மூக்குத்திக்குக் கீழே சந்தனம் எப்படிக் காய்ந்து வெடித்திருக்கிறது என்பதைக்கூட அப்போதுதான் பார்த்தேன்.

கார்த்திகையில் பூதிகோட்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு நானும் அவரும் பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஊரைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. ரோட்டை மறித்துக்கொண்டு மாடுகள். எட்டிப் பார்த்தால், ரோட்டோரம் செண்டுப்பூ மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. மழை பெய்து நனைந்திருந்தது. மாடுகள் அதைத் தின்றுகொண்டிருந்தன. மார்க்கெட்டில் எடுப்பார் இல்லை என்று தோட்டக்காரர் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வழக்கம் போல வயிறு புரட்டும் என்று காத்திருந்தேன். புரட்டவில்லை. அழுகையாக வந்தது. இறங்கலாமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இறங்கினார்.

அந்தத் தோட்டக்காரர் தெலுங்கில் ஏதோ சொல்லி ஒரு முழு மூட்டையை எங்களிடம் கொடுத்தார். எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பூவுக்குள் கை வைத்தபோது விரல் நடுங்கத்தான் செய்தது. ஈர மண் வாசனை வந்தது. அடுத்த பஸ் பிடித்து, பங்காரப்பேட்டையில் டிரெயின் ஏறி, மூட்டையோடு நேராகக் கோயிலுக்கு வந்தோம். சாயங்கால பூஜைக்கு இன்னும் நேரம் இருந்தது. பூசாரி அண்ணன் மூட்டையைப் பார்த்துவிட்டு, தொடுக்கப் போகிறாயா என்றார்.

"எனக்குத் தொடுக்க வராதுண்ணா இப்போ. அப்படியே கொட்டட்டுமா?" என்று கேட்டேன்.

"கொட்டும்மா. அவளுக்கு இன்னா, எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

சந்நிதிக்கு முன்னால் கொட்டினேன். குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழையில் அழுகிய பூக்களை எடுத்துத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல பூவை உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து தள்ளிவைத்துக்கொண்டே போனேன். கோயிலுக்கு வந்த இரண்டு மூன்று பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களும் பொறுக்கினார்கள். வீட்டுக் கதை பேசினோம். மணி அடித்தது. தீபாராதனை காட்டினார்கள். எழுந்து நின்றபோதுதான் கவனித்தேன். பலிபீடத்தைச் சுற்றி, படியிலிருந்து சந்நிதி வரைக்கும், மஞ்சளும் ஆரஞ்சுமாக வரிசை ஓடியிருந்தது. வளைந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து. நான் வைத்தது. வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு நேரமும் நெஞ்சு அடிக்கவில்லை. கை நடுங்கவில்லை. யாருக்காகவும் செய்யவில்லை, எதைப் போலவும் செய்யவில்லை. கற்பூர வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்து விம்மி விம்மி அழுதேன். என் வீட்டுக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதை இங்கேயே முடிந்தால் அழகாக இருக்கும். மறுநாள் காலையில் மிச்சப் பூவை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. கை விறைத்துப் போனது. பழைய பயம் இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. ஒரு நாள் காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்டாளே என்று அவள் மேலேயே கோபப்பட்டேன். நாகரத்னம்மாவுக்குப் போன் செய்து அழுதேன்.

"வந்துச்சா, வந்துச்சான்னு தினம் கதவத் தட்டாதீங்க. வரும்போது வரட்டும். நீங்க சாப்பிடுங்க, தூங்குங்க, கோயிலுக்குப் போங்க" என்றார் அவர்.

அப்படியே செய்தேன். மார்கழியில் ஒரு நாள் வந்தது. நாலைந்து நாள் வரவில்லை. மறுபடி வந்தது. வராத நாட்களில் பயப்படுவது மெல்ல மெல்லக் குறைந்தது. வீட்டில் அம்மன் படத்துக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் மாலையைக் கழற்றிவிட்டு நானே ஒரு முழம் கனகாம்பரம் தொடுத்துப் போட்டேன்.

தை பிறந்த பிறகு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, எங்கள் லைனிலேயே ஒரு பெண்ணின் வளைகாப்புக்கு மணை அலங்காரம் செய்தேன். அவ்வளவு சின்ன வேலைக்கு அவ்வளவு பயந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வசந்தி காலையிலிருந்து என் பக்கத்தை விட்டு நகரவில்லை. முடியவில்லை என்றால் சொல்லுங்கள் அண்ணி, நாம் போய்விடலாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள். போக வேண்டி வரவில்லை.

இப்போது நாங்கள் கொஞ்சம் வேலைதான் எடுக்கிறோம். எனக்கு ஒன்றும் தோன்றாத நாளில் தோன்றவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அந்த மேடையைத் துணித் திரை வைத்து வசந்தி முடித்துவிடுகிறாள். கல்யாண வீட்டாரிடமும் முன்கூட்டியே அதைச் சொல்லிவிடுகிறோம். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று போகிறவர்கள் போகட்டும். ஆடி மாதம் முழுக்க அம்மனுக்கு மட்டும்தான் என் கை. பயம் அடியோடு போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. முகூர்த்த நாள் காலையில் இன்னும் நெஞ்சில் ஒரு துடிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் வந்ததும் சேகரிடமோ வசந்தியிடமோ சொல்லிவிடுகிறேன். சொன்னால் பாதி இறங்கிவிடுகிறது.

நான் அன்றைக்கு எடுத்துக்கொள் என்று சொன்னேன். அவள் எடுத்து, கழுவி, ஆறவைத்துத் திரும்பக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

உங்களில் யாராவது பாட்டுப் பாடுகிறவர்கள், படம் வரைகிறவர்கள், தைக்கிறவர்கள், பிள்ளைகளுக்குப் புதிது புதிதாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருப்பீர்கள். செய்வதற்கு ஆசைப்பட்ட வேலையே இன்று உங்களை மிரட்டினால், அது உங்கள் குற்றம் இல்லை. தெம்பு கொடு என்று அம்மனிடம் கேட்பதற்கு முன்னால், முடியவில்லை என்று சொல்லிப் பாருங்கள். அவள் அதைக் கேட்டு யாரையாவது அனுப்புவாள். அனுப்பியவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். டாக்டரிடம் போகச் சொன்னால் போங்கள்.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும், ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்கிற ஒரு தங்கை என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ஊசியை எடுத்தாலே அழுகை வருகிறது என்று சொன்னாள். வரும் செவ்வாய்க்கிழமை காலை டிரெயினில் அவளை நாகரத்னம்மாவிடம் கூட்டிப் போகிறேன். அவளுக்காக எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள். வேறு யாராவது வருவதாக இருந்தால், காரணம்கூடச் சொல்ல வேண்டாம், ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். ஜன்னலோரம் இடம் பிடித்து வைக்கிறேன்.